கொடைக்கானல் நண்பனுக்கு, குதிரைப் பயிற்சி பற்றி

குன்னூர்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காலோடு மறுபடியும் குதிரை ஏறப்போவதாக எழுதியிருக்கிறாயே, வீட்டில் அனுமதி வாங்கிவிட்டாயா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சவாரி தெரிந்த பெரியவர்களைச் சேர்த்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரைப் பழக்கம் கற்பிக்கும் தன்னார்வலர்களாக அவர்களைத் தயார்செய்ய வேண்டும் என்ற உன் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே சில காலமாக அதே வேலையில் இருப்பவன் என்ற முறையில், நீ கேட்டவற்றுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நன்றாகச் சவாரி செய்பவரே நன்றாகக் கற்பிப்பார் என்று நீ எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நெடுங்காலம் குதிரை ஏறியவருக்கு உடம்பு அறிந்ததை வாய் அறிவதில்லை. குதிரை தலையை உயர்த்தினால் அவர் கை தானாகவே தளர்ந்துகொடுக்கும். இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிப்பார். அதனால் தொடக்கத்தில் நாங்கள் அவர்களைச் சேணத்தில் ஏற்றுவதே இல்லை. தரையில் நின்று இன்னொருவரின் சவாரியைப் பார்த்து, கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். பிறகு, பார்த்த பிழைகளுள் எதை முதலில் திருத்துவது என்று தீர்மானித்து அதை மட்டும் சொல்ல வேண்டும். முதுகை நிமிர்த்து, குதிகாலை இறக்கு, கையைத் தாழ்த்து, முன்னால் பார் என்று ஒரே மூச்சில் கூவினால் பத்து வயதுப் பிள்ளை இவற்றுள் எதையும் செய்யாது. லகானை இறுகப் பிடித்துக்கொண்டு அழத் தயாராகிவிடும். வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்றுத் தங்கிவிட்ட படை அதிகாரிகள் அருமையான சவாரிக்காரர்கள், ஆனால் நம் திடலை அணிவகுப்பு மைதானமாக்கிவிடுகிறார்கள். அவர்களைக் கொஞ்சம் மெதுவாகப் பேசவைப்பதுதான் இங்கு எனக்குப் பெரிய பாடு.

கற்பிக்க வரும் பெரியவர்கள் ஏறிக் காட்ட முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு குதிரை தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் சிரமமின்றிச் சுமக்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. நம் மலைகளில் கிடைக்கும் மட்டக்குதிரை 250 கிலோ இருந்தால், சேணத்தையும் சேர்த்து 50 கிலோவுக்கு மேல் அதன் முதுகில் வைக்கக் கூடாது. எண்பது கிலோ ஆசிரியர் "நான் ஏறிக் காட்டுகிறேன், பார்" என்று சொல்ல அங்கே இடமே இல்லை. பிள்ளைகளுக்கு ஏற்ற குதிரையில் கற்பிப்பதென்றால், கற்பிப்பவர் கண்ணையும் வாயையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு விதியையும் காரணத்தோடு சொல்ல அவர்களைப் பழக்கு. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் அதற்குப் பார்வை இல்லை. ஆகையால் குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக அணுக வேண்டும். சேணத்தைப் பிணைக்கும் வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். ஆகையால் சில அடி நடத்திவிட்டு, ஏறுமுன் மறுபடியும் பார்க்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடும் குதிரை, கயிறு சுற்றிய கையையும் சேர்த்தே இழுக்கும். ஆகையால் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. குதிகால் இல்லாத செருப்பும் கேன்வாஸ் காலணியும், சவாரியில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவிப் பாதத்தைச் சிக்கவைக்கும். விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துச் செல்வது அப்படித்தான். உங்கள் ஏரிக்கரையில் செருப்புக் காலோடும் வெறுந்தலையோடும் சுற்றி வரும் குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. ஹெல்மெட்டும் சவாரிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பலமாக அடிபட்டபின் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும்.

பிள்ளை விழுந்தால் என்ன செய்வது என்பதை ஒத்திகையாகவே நடத்து. அனுபவசாலிகள் அனைவரும் ஓடிப்போகும் குதிரையைப் பிடிக்கத்தான் பாய்வார்கள். ஆனால் முதலில் திடலில் உள்ள மற்ற குதிரைகள் அனைத்தையும் நிறுத்த வேண்டும், ஒருவர் பிள்ளையிடம் செல்ல வேண்டும், கழுத்தையோ முதுகையோ பற்றி ஐயம் இருந்தால் தூக்காமலும் ஹெல்மெட்டைக் கழற்றாமலும் மருத்துவ உதவிக்குக் காத்திருக்க வேண்டும். ஓடிப்போன குதிரை பெரும்பாலும் மற்றக் குதிரைகள் நிற்குமிடத்துக்கே வந்துவிடும். தன்னார்வலர் எல்லாரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்; குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அக்கிருமி இருக்கும்.

பெரியவர் ஒருவர் பிள்ளையோடு லாயத்தில் தனித்திருக்கக் கூடாது. காலைத் திருத்தி வைக்கத் தொடுவதென்றாலும் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி முதல் நாளே பேசிவிடு. முகம் சுளிப்பவர் இருந்தால், அவர் எவ்வளவு நல்ல சவாரிக்காரராக இருந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிவிடு.

அமெரிக்காவின் 4-எச் இளைஞர் அமைப்பில் சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளும் குதிரைப் பாடத்தில் சேரலாம். தீவனம், உடற்கூறு, குளம்புப் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்கலாம். அங்கே அவற்றைச் சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் ஊர்த் தன்னார்வலர்களே. நம் மலைக்கு இது மிகவும் பொருந்தும். ஈரம் ஓயாத மழைமாதங்களில் குளம்பு அழுகுவதையும், நனைந்த விரிப்பின் மேல் சேணம் வைத்து முதுகு புண்ணாவதையும், குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாவதையும் பற்றி லாயத்துக் கூரையின்கீழ் உட்கார்ந்தே மணிக்கணக்கில் பேசலாம்.

ஆனால் இவற்றையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் குதிரைக்காரர்கள். மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி போன்ற ஊர்களுக்குப் பொதி சுமந்த குதிரைகளை நடத்தியவர்கள் உங்கள் பக்கம் இருக்கிறார்கள். காது மடங்குவதை வைத்தே அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களையும் தன்னார்வலராக வரச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியம் பெறுபவருக்கும் எஸ்டேட் முதலாளிக்கும் ஒரு காலைப்பொழுது இலவசம். சவாரியை நம்பிப் பிழைப்பவருக்கு, அதுவும் ஏப்ரல், மே சீசனில், அது அன்றைய சோறு. அவருக்கு நாள்கூலியும் குதிரைக்கு வாடகையும் கொடுத்துவிடு. பயிற்சியில் அவரைப் பெரியவர்களுக்கு ஆசிரியராக நிறுத்து. குதிரைக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்பதை அவர்கள் அவரிடமிருந்து கற்கட்டும்.

இடத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள சமதளம் போதும், ஆனால் மலையில் அதுதான் கிடைப்பதில்லை. நீ மனத்தில் வைத்திருக்கும் இடத்தை அளந்து, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதையும் குறித்து அனுப்பு. சரிவு அதிகமானால் வேலி போடுமுன் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்