கீபோர்டுக்கு எண்ணெய் ஸ்பிரே வேண்டாம்

ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழைய கீபோர்டில் ஒலிக்காத கட்டைகளின் இடுக்கில் துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்கலாம் என்று வீட்டுக் குறிப்பு வந்திருந்தது. அதற்கும் மசியாவிட்டால் உள்ளே திறந்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமாம். கதவுக் கீலுக்கு எழுதியதைத் தவறிப்போய்க் கீபோர்டுக்குப் போட்டுவிட்டார்கள் போலும். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்து, பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது 1988இல் வெளிவந்த கோர்க் எம்1 கீபோர்டு, 61 கட்டைகள். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றைப் போல, இதிலும் கட்டைகளுக்கு அடியில் நீளமான ரப்பர் பட்டை ஓடுகிறது. கட்டைக்கு ஒரு குமிழ். குமிழுக்குள் இரண்டு கறுப்புக் கார்பன் பொட்டுகள். கட்டையை அழுத்தும்போது ஒரு பொட்டு முந்தியும் மற்றது இம்மியளவு பிந்தியும் சர்க்யூட் போர்டைத் தொடும். அந்த இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் நாம் மெல்லத் தொட்டோமா, ஓங்கி அடித்தோமா என்று கருவி கணக்கிடுகிறது. முந்த வேண்டிய பொட்டில் அழுக்கு ஏறினால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும். தாலாட்டின் நடுவே அந்த ஒரு கட்டை மட்டும் அலறுவது இதனால்தான். ஒலிக்காத கட்டையையாவது விரல் தாண்டிப் போய்விடும். அலறும் கட்டை மேடையில் மானத்தை வாங்கிவிடும்.

எண்ணெய் போனால் ரப்பர் உப்பும். படலமாகத் தங்கித் தூசியையும் சேர்த்து ஒட்டவைக்கும். உப்புத்தாளோ போர்டின் மேல் உள்ள கார்பன் பூச்சையே வழித்து எடுத்துவிடும். போன பூச்சு திரும்ப வராது. 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசர் போன்ற கருவிகளில் ரப்பர் இல்லை, கட்டையை அழுத்தினால் ஒரு கம்பி உலோகத் தண்டைத் தொடும் அமைப்பு. அங்கும் உப்புத்தாள் ஆகாது, முலாம் போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்து, ரப்பர் பட்டைகளை எந்த இடத்தில் எது என்று குறித்துக்கொண்டு உரிக்க வேண்டும். கோயில் திருவிழா மேடைகளில் புழுதியும் சாம்பிராணிப் புகையும் குடித்த கருவிக்குள் என்னதான் இருக்காது! என் கருவியில் மேல் ஸ்தாயிக் கட்டை ஒன்றின் பொட்டுக்குக் குறுக்கே ஒற்றைத் தலைமுடி சுருண்டு கிடந்தது. அதைச் சுற்றித் திருநீறு போலச் சாம்பல் தூசி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த, நூல் உதிராத துணியால் போர்டை மெல்லத் துடைத்தால் போதும். கைப்பேசி பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டால் அந்த ஆல்கஹால் கிடைக்கும் இடம் சொல்வார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் கலந்திருக்கும், அது வேண்டாம். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கும் ஊதுவத்தியும் கூடாது. கார்பன் பொட்டைச் சுரண்டாமல் அதே துணியால் ஒற்றி எடுங்கள், விரல் படக் கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகு, பட்டையின் குட்டிக் காம்புகளை முனை மழுங்கிய குச்சியால் துளைகளில் இறக்குங்கள். ஒரு காம்பு சரியாக இறங்காவிட்டாலும் அந்தக் கட்டை மறுபடி சண்டித்தனம் செய்யும்.

உள்ளே நாணயம் போன்ற பேட்டரி ஒன்று இருக்கும். பளபளவென்று இருக்கிறதே என்று கழற்றிப் பார்க்காதீர்கள்; சேமித்து வைத்த ஒலிகள் அழிந்துவிடும்.

வரிசையாக எட்டுக் கட்டைகளோ, எட்டுக்கு ஒன்றாகவோ ஊமையானால் பெரும்பாலும் அது அழுக்கு அல்ல, இணைப்புக் கோளாறு. கட்டைகளை எட்டு எட்டாகத்தான் கருவி படிக்கிறது. அப்போது மின்னணுப் பழுது தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

பரணில் கிடக்கும் பழைய கீபோர்டைப் பிள்ளைகளுக்காக இறக்கும் வீடுகள் இப்போது நிறைய. அவர்கள் ஸ்பிரே டப்பாவைத் தேடும் முன், அடுத்த ஞாயிறே அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

மெல்லிசைக் குழு கீபோர்டு கலைஞர்,
திண்டுக்கல்