வேர் விட்டதா?

டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. நாலு பக்கம் எழுதி, ஐந்தாம் பக்கத்தில் "உயிரோடு இருக்கிறாயா" என்று ஒற்றை வரி போட்டிருந்தாய். இருக்கிறேன். தொலைபேசியில் பேசினால் என்ன என்று அத்தான் கேட்பார். பேசினால் அம்மா என் குரலை வைத்தே எடை போட்டுவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உறையின் பின்னால் புது விலாசம் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆகஸ்டில் வீடு மாறினேன். இது ஒரே அறைதான். தனி ஆளுக்கு இரண்டு அறை எதற்கு? இதற்குத் தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது. குளிர்காலத்தில் இங்கே சூரியன் தெற்கு வானத்தில் தாழ்வாக ஒரு வளையம் போட்டுவிட்டு மூன்றரை மணிக்கெல்லாம் இறங்கிவிடும். அந்த வெளிச்சம் உள்ளே வர வேண்டுமானால் தெற்கு ஜன்னல் வேண்டும். எனக்கு இல்லை, என் செடிக்கு.

செடி என்றதும் அத்தான் சிரிப்பார். ரோஜாத் தொட்டிக்கு ஊற்றச் சொன்ன தண்ணீரைப் பூனைமேல் ஊற்றியவன்தான் நான். ஆனால் இப்போது ஜன்னல் விளிம்பில் ஐந்து தொட்டி ஓரிகானோ வைத்திருக்கிறேன், சமையலில் போடுகிற வாசனை இலைச் செடி. எல்லாம் கீழ்வீட்டுக் கிரேக்கப் பாட்டியின் வேலை.

இந்தப் பாட்டியை எப்படிச் சொல்வது? பெரிய அத்தையின் உயரத்தில் பாதி, அதிகாரத்தில் இரண்டு மடங்கு. இந்த ஊர் மொழி அவருக்கு என்னைவிடக் குறைவு. நான் குடிவந்த மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டுக் குச்சிகளை என் கையில் திணித்து, "ரீகனி" என்றார். அவர்கள் மொழியில் ஓரிகானோவுக்கு அதுதான் பெயர். பிறகு என் சமையல் மேடையை ஒரு சுற்றுப் பார்த்து, அங்கிருந்த ஒரே கண்ணாடி டம்ளரைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "ரீசா?" என்று மட்டும் கேட்பார். வேர் என்று பொருள். வேர் விட்டதா? இல்லை என்று நான் தலையாட்டினால் முகவாயை மேலே தூக்கி "ச்சு" கொட்டுவார். அக்கா, அந்த "ச்சு" இருக்கிறதே, அது அப்படியே நம்முடையது. முதல் தடவை கேட்டபோது படியிலேயே நின்றுவிட்டேன்.

முதல் கட்டு முழுவதும் அழுகிப்போனது. தப்பு என்னுடையதுதான். வந்தபடியே எல்லாவற்றையும் டம்ளரில் சொருகிவிட்டேன். தண்ணீருக்குள் மூழ்கிய இலைகள் கறுத்தன. நாலாம் நாள் தண்ணீர் கலங்கி நாறியது. பாதிக் குச்சிகளில் வெள்ளைப் பூ வேறு இருந்தது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். பூத்த தண்டு தன் சக்தியை எல்லாம் பூவுக்கே செலவழிக்குமாம், வேருக்கு மிச்சம் வைக்காதாம். பாட்டி டம்ளரை முகர்ந்து பார்த்தார், ஒரு வார்த்தையும் பேசவில்லை, என் கண்ணெதிரே குப்பையில் கொட்டினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று கீழே தன் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தோட்டம் என்பது இரண்டு பாய் அளவு இடம். கருங்கல் சரளை கலந்த வறண்ட மண். அதில் ஓரிகானோ முழங்கால் உயரத்துக்குப் புதராக மண்டியிருந்தது. இளம் தண்டாக, பூ வராததாக, நுனியிலிருந்து நாலு அங்குலம் எடுக்க வேண்டும். கணுவுக்குக் கொஞ்சம் கீழே கத்தரிக்க வேண்டும். வேர் பெரும்பாலும் கணுவிலிருந்துதான் புறப்படும் என்பதால் கணு போனால் குச்சி வெறும் குச்சிதான். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு மேலே நாலைந்து மட்டும் விட வேண்டும். வேர் இல்லாதபோது நிறைய இலை இருந்தால் குடிக்கிற வழி இல்லாமல் வேர்த்தே வாடிவிடும். இதையெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசாமல் கத்தரியாலும் முறைப்பாலும் சொல்லிக்கொடுத்தார்.

செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டாவது கட்டு. ஆறு தண்டை டம்ளரிலும் ஆறைத் தொட்டி மண்ணிலும் வைத்தேன். டம்ளர் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். ஒன்பதாம் நாள் காலை, வேலை முடிந்து வந்து காலணியைக் கூடக் கழற்றாமல் பார்த்தால், கணுவில் வெள்ளை நூல் போல ஒன்று. கீழே ஓடிப்போய்ப் பாட்டியின் கதவைத் தட்டி "ரீசா" என்றேன். மணி ஆறரை. இரவு உடுப்போடு வெளியே வந்தவர் டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். தட்டல் கொஞ்சம் பலம்தான்.

வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரில் வந்த வேர் கண்ணாடி மாதிரி, சீக்கிரம் ஒடியும். அதிக நாள் விட்டால் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். அப்படியும் மாற்றிய முதல் வாரம் ஆறும் தலை தொங்கின. இரண்டு எழவே இல்லை. மண்ணில் நேராக வைத்தவற்றை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, தினம் சிறிது நேரம் திறந்து காற்று காட்டினேன். மூன்று வாரம் கழித்து ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தபோது அது பிடி கொடுக்காமல் மண்ணைப் பற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாததால் காத்திருப்பது கஷ்டம், ஆனால் இந்த வழியில் வந்தவைதான் திடமாக நிற்கின்றன. விதை போட்டால் என்ன என்று கேட்காதே. விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கும், ஆனால் தாய்ச்செடியின் மணம் வரும் என்று சொல்ல முடியாது. சில செடிகள் இலை இலையாக வளர்ந்து புல்லைப் போல மணக்கும். தண்டிலிருந்து வந்தால் அம்மாவைப் போலவே பிள்ளை.

மொத்தம் பத்துப் பிழைத்தன. அதில் ஐந்தை நானே கொன்றேன். பாசத்தில் தினம் தண்ணீர் விட்டேன். இலை மஞ்சளாகி, தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்துவிட்டது. இது மலைப்பாறையில் வளர்கிற சாதி. விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். உரமும் வேண்டாம். சத்து கூடினால் தழை பெருகும், மணம் குறையும். பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து மண்தொட்டிக்கு மாற்றிய பிறகு ஈரம் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. இப்போது ஐந்தும் நன்றாக இருக்கின்றன. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கின்றன. வெளிச்சத்தைத் தேடிக் கண்ணாடிப் பக்கமே சாய்வதால் தினம் தொட்டியைக் கால் வட்டம் திருப்புகிறேன்.

இதற்காகவே வேலையில் இரவு முறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பகலில் வீட்டில் இருந்தால்தானே வெயிலுக்குத் தகுந்தபடி நகர்த்தி வைக்க முடியும்? குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். குளிர் இருக்கிறது. ஆனால் ஹீட்டரை முடிந்தவரை அணைத்தே வைக்கிறேன். அதன் வறண்ட சூட்டில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வலை கட்டும். அக்டோபரில் ஒருமுறை வந்து, குழாயடியில் ஒவ்வோர் இலையாகக் கழுவினேன். செடிக்கு இந்தக் குளிர் போதும். எனக்கு நீ பின்னிய ஸ்வெட்டர் இருக்கிறது, அதன்மேல் இன்னொன்றும் இருக்கிறது.

போன வாரம் பனி கொட்டியது. பாட்டியின் புதர் இரண்டே நாளில் கறுத்துக் காய்ந்த குச்சிகளாகிவிட்டது. செத்துவிட்டதே என்று சொல்லப் போனேன். "ச்சு" என்றார். காலணி நுனியால் பனியை விலக்கி அடித்தண்டைக் காட்டினார். மேலே இருப்பது போகும், கீழே இருப்பது இருக்கும், வசந்தத்தில் துளிர்க்கும் என்று கையாலேயே சொன்னார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தானாம். பிடுங்கிவிடாதே என்பது போல என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நான் ஏன் பிடுங்கப்போகிறேன்?

உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். முந்தாநாள் நுனி கிள்ளிய கையைக் கழுவாமல் படுத்துவிட்டேன். பகல் தூக்கம் உனக்குத் தெரியுமே, ஆழமாக வராது. பாதி விழிப்பில் கை மூக்கருகே இருந்தது. கொல்லைப்புறத் துவைக்கிற கல், அதன் பக்கத்துக் கற்பூரவல்லி, துணி அலசிய தண்ணீர் ஓடுகிற அந்தச் சின்ன வாய்க்கால். அம்மாவின் முந்தானை. எழுந்து உட்கார்ந்து எங்கே இருக்கிறோம் என்று பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மூன்றரை மணிக்கே இருட்டு. கொஞ்ச நேரம் விளக்குப் போடாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

அது வெறும் பிரமை இல்லை என்று சின்னவளிடம் சொல், அவள்தானே தாவரவியல் படிக்கிறாள். ஓரிகானோவும் கற்பூரவல்லியும் வேறு வேறு இனம், ஆனால் இரண்டும் புதினா, துளசி இருக்கிற அதே குடும்பம். இரண்டின் எண்ணெயிலும் கார்வக்ரால் என்ற ஒரே பொருள் இருக்கிறது, ஓமத்தில் இருக்கும் தைமோலுக்கு நெருங்கிய சொந்தம். கற்பூரவல்லியைக் கியூபா ஓரிகானோ என்றே சில இடங்களில் அழைக்கிறார்கள். ஒரு வித்தியாசம், நம்முடையது சதைப்பற்றான இலை, ஓர் இரவு உறைபனி பட்டால் கூழாகிவிடும். அதனால் இங்கே வெளியில் வளராது. நானும் தேடிப் பார்த்தேன்.

இப்போது உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, கொல்லையில் தரையோடு ஓர் அறை கட்டலாம் என்பது சரிதான். முதலிலேயே செய்திருக்க வேண்டும். துவைக்கிற கல்லை எடுத்துவிடுவீர்கள், புரிகிறது. ஆனால் கொத்தனார் வருவதற்கு முன்னால், அந்தக் கற்பூரவல்லியில் ஆறு தண்டு வெட்டி வை. மேலே சொன்னபடி கணுவுக்குக் கீழே. இதற்கு டம்ளர்கூட வேண்டாம். வெட்டிய இடம் ஒரு நாள் காயட்டும், பிறகு நேரே மண்ணில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். எனக்கு அனுப்ப வேண்டாம். நோயில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் செடியை எல்லை தாண்டி அனுப்பக்கூடாது. புது அறை ஜன்னலுக்கு அடியில் நட்டுவிடு, அது போதும்.

சித்தப்பா சுவர் விஷயத்தில் அத்தான் அவசரப்படக் கூடாது. ஓர் அடி உள்ளே வந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். அளக்கிற நாடாவோடு போய் நின்றால் அவர் மூன்று வருடம் பேசமாட்டார். அம்மாவை அனுப்பு. பழைய பத்திரத்தின் நகல் பீரோவின் மேல் தட்டில், அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே இருக்கிறது. பவர் பத்திரத்தின் வரைவை எனக்கு முதலில் அனுப்பச் சொல். படித்துப் பார்த்துத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கிறேன். கட்டுவதற்கு மட்டும் அதிகாரம் என்று இருக்கட்டும், விற்பதற்கு வேண்டாம். தம்பிமேல் சந்தேகம் இல்லை, தம்பியின் நண்பர்கள்மேல்தான்.

என் பங்குப் பணம் பிப்ரவரிக்குள் வரும். ஜனவரி என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தேன், வங்கிப் படிவம் ஒன்று தாமதம். அடித்தளம் போடுவதற்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உன் வளையல் மேல் கை வைக்காதே. அத்தானிடம் கேள், அவர் கொடுப்பார், நான் திருப்பிவிடுவேன்.

அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு எந்த நாள் குறித்தார்கள் என்று நீ எழுதவில்லை. எழுது. இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில் செய்ய விடாதே, ஒன்று தேறிய பிறகு மற்றது.

இந்தக் கடிதத்தைப் பெரிய அத்தைக்குப் படித்துக் காட்டு, பாட்டியைப் பற்றிய பகுதியை மட்டும். தம்பி வாங்கிப் படிக்கக் கேட்டால், எல்லாம் செடி பற்றித்தான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தம்பி