பிக்கப் வண்டியின் பாடியில் நிற்கும் அடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். பறித்த பச்சை இலையைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்வதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினேன். கேபினுக்குப் பின்னால், பாடியின் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் சைலன்சர் குழாயோடுதான் அந்த வண்டி என் கைக்கு வந்தது. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில் அப்படி மாற்றியிருக்கிறார். நீலகிரியில் சுமை ஏற்றும் வண்டிகளில் இத்தகைய குழாய்களை வேறு சிலவற்றிலும் பார்க்கிறேன் என்பதால், அதன் சூட்டைப் பற்றி என் அனுபவத்தில் அறிந்ததைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அழகுக்காகவும் சத்தத்துக்காகவும் குழாயை மேலே திருப்புகிறவர்களிடம் பேச என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் தேவைக்காக மாற்றுகிறவர்களும் உண்டு. தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில் மழைநீர் அரித்த பள்ளங்களும் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைகளும் வண்டியின் அடியில் தொங்கும் குழாயை ஒரே பருவத்தில் நசுக்கிவிடும். இரண்டு முறை சைலன்சரை மாற்றியவர் மூன்றாம் முறை அதை மேலே கொண்டுபோகலாமா என்று யோசிப்பதில் வியப்பில்லை. அப்படி மேலே கொண்டுபோகும்போது, அடியில் காற்றோட்டத்தில் இருந்த ஓர் அடுப்பைச் சரக்குக்கு நடுவே நிறுத்தி வைக்கிறோம் என்பது மட்டும் எவருக்கும் உறைப்பதில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

கடந்த ஆண்டு ஒரு மழைநாளில் நைலான் வலைச் சாக்குகளில் இலையை அடைத்து, நெருக்கி ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து மேட்டுக்கு ஏறினேன். தொழிற்சாலையில் எடை போடுபவர் ஒரு சாக்குக்குள் கையை விட்டவர் அப்படியே நின்றார். ஒரு பக்கத்து இலை முழுவதும் செம்பு நிறமாகி, வேகவைத்த கீரையின் வாடை அடித்தது. அந்தச் சாக்கை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை. வண்டிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, குழாயின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு நைலான் உருகி, கரும்பிசினாக ஒட்டியிருந்தது. நைலான் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில்தான் உருகத் தொடங்கும் என்பதால், குழாயின் மேற்பரப்பு அதைத் தாண்டியிருக்கிறது என்று தெரிந்தது. அன்று ஏற்றியது ஈர இலை. காய்ந்த தைல மர (யூகலிப்டஸ்) இலையாகவோ சணல் சாக்காகவோ இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு ஏற்றம் முடிந்ததும் குழாயின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கத் தொடங்கினேன். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கும் அதே வழிதான். சொட்டு சுர்ரென்று ஒட்டி ஆவியானால் சூடு நடுத்தரம். ஒட்டாமல் முத்தாக உருண்டு ஓடினால் சுமார் 200 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். இப்படிச் சில வாரங்கள் பார்த்ததில், நான் நினைத்ததற்கு நேர்மாறான ஒன்று புலப்பட்டது. நிறைந்த சுமையோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது குழாய் அவ்வளவாகச் சுடுவதில்லை. கியரில் இறங்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பாய்வது நின்று, வெறும் காற்றுதான் குழாய் வழியே போகிறது. அங்கிருந்து திரும்பி ஏறும் சுமார் 1,500 மீட்டர் உயரம்தான் குழாயைக் காய்ச்சுகிறது. அதைவிட மோசமானது, தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு முதல் கியரில் ஊர்ந்து ஏறும் அரை கிலோமீட்டர். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது; வண்டியோ நடை வேகத்தில் போவதால் குழாயைக் குளிர்விக்கக் காற்று வீசுவதில்லை. போதாக்குறைக்கு நம் உயரத்தில் காற்றே மெலிந்தது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் உதகையில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ அதில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், அதே அளவு டீசலை எரிக்கக் கிடைக்கும் காற்று குறையும்போது புகையின் வெப்பம் கூடுகிறது. மலையில் குளிர் அதிகம், குழாய் தானே ஆறிவிடும் என்று நினைப்பது தவறு.

அந்தக் குளிரே இன்னோர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். பனிக்காலத்து விடியலில் நடப்பது என்ன என்பதை இங்கே வாழ்கிற எல்லோரும் அறிவார்கள். இலை பறிக்கப் போகும் பெண்கள் பாடியில் ஏறியதும் குழாயை ஒட்டி உட்கார்ந்து குளிர் காய்கிறார்கள். வளைவில் வண்டி சாயும்போது பிடித்துக்கொள்ளக் கை தேடுவதும் அதைத்தான். 70 டிகிரி சூடுள்ள இரும்பை ஒரு நொடி பிடித்தாலே தோல் கொப்பளித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும். பாடியோடு இறுக்கிப் பற்றவைத்த குழாயோ அசையாது. நாளடைவில் தரைக்கு அருகே வெல்டிங் விரிகிறது. மழைக்குத் தார்ப்பாயை இழுத்து மூடினால், அந்த விரிசல் வழியே வரும் புகை உள்ளேயே தங்குகிறது. நிறமும் வாடையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு டீசல் புகையில் பெட்ரோல் புகையைவிடக் குறைவுதான் என்றாலும், மூடிய இடத்தில் அந்தக் கணக்கை நம்பி ஆட்களை உட்கார வைக்க முடியாது.

என் வண்டியில் குழாயைப் பழையபடி அடியிலேயே கொண்டுபோவதுதான் முறை என்று எனக்கு வேலை செய்து கொடுத்த மெக்கானிக் முதலிலேயே சொன்னார். அதற்கான பாகங்கள் வந்து சேரும்வரை அவர் செய்துகொடுத்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். இரண்டரை அங்குலக் குழாயைச் சுற்றி ஐந்து அங்குல விட்டத்தில், துளையிட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஓர் உறை. உறை குழாயைத் தொடவே இல்லை. கேபின் பக்கத்துச் சட்டத்தில் தனியே போல்ட் போட்டு நிறுத்தினார். அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே திறந்தபடி விட்டதால், குளிர்ந்த காற்று கீழே புகுந்து சூட்டை வாரிக்கொண்டு மேலே போய்விடுகிறது. சரக்கு இருக்கும் பக்கத்தில் மட்டும் துளையில்லாத பளபளப்பான தகடு ஒன்றைக் கூடுதலாக மாட்டினார். பளபளப்பான பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்பும் என்பதால் அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க நான் ஆசைப்பட்டபோது கோபித்துக்கொண்டார். தரைத் தகட்டின் துளையை அகலமாக்கி வளையம் கட்டி, எஞ்சின் பக்கம் அதிர்வுக்கு வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய் ஒன்றைச் சேர்த்தபின் வெல்டிங் விரிவதும் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குறுக்குக் கம்பி ஒன்றைப் போட்டார். வளைவில் சாக்கு சரிந்தாலும் அதைத் தாண்டி வருவதில்லை. இப்போது ஏற்றம் முடிந்ததும் உறையின் மேல் கை வைத்து எடுக்க முடிகிறது. உள்ளே இருக்கும் குழாயில் தண்ணீர் முத்து இன்றும் ஓடத்தான் செய்கிறது.

குழாயின் மேல் கண்ணாடியிழை நாடாவைச் சுற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். சமவெளியில் அது பலன் தரலாம். மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலும் இருக்கும் நம் ஊரில் நாடா ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சாதா இரும்புக் குழாயை உள்ளிருந்தே துருவேற்றிவிடுகிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றுவது அதனினும் கேடு; அதன் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகை மாசு வரம்புக்கு ஏற்ப வந்த டீசல் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறும். அந்த அமைப்பை அறுத்து மேலே திருப்புவது எந்தப் பட்டறையிலும் செய்யத் தக்க வேலை அல்ல. உற்பத்தியாளர் தந்த அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கில் என் வண்டியும் தவறானதே. அதனால்தான் குழாயை அடிக்கே கொண்டுபோகிறேன்.

தகுதிச் சான்றுக்கு வரும் பிக்கப் வண்டிகளில் விளக்கையும் பிரேக்கையும் பார்க்கும் அதிகாரிகள், பாடிக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்து, உறையில்லாத குழாய் நின்றால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பச்சை இலை வாங்கும் தொழிற்சாலைகளும் தங்கள் எடைமேடைக்கு வரும் வண்டிகளில் இதைக் கவனிக்கலாம். கருகிய இலையைத் திருப்பி அனுப்பும்போது கருகியதற்கான காரணத்தையும் அந்த ஓட்டுநரிடம் காட்டினால், மறுநாள் அவர் வண்டியில் ஏறும் பெண்களின் கைகள் தப்பும்.

இப்படிக்கு,
தேயிலைச் சிறு விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.