டோக்கன் வாங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் டீ குடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது தொப்பூர் கணவாய் இறக்கம். நடுவில் தர்மபுரி இருக்கிறது, பாளையம் சுங்கச்சாவடி இருக்கிறது. இரண்டையும் நான் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. ஊர் வந்து சேர்ந்ததும் முதலாளியின் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். வண்டி பாளையத்தைக் கடந்த நேரம் அதிகாலை 3.52 என்றது ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி. ஓட்டியவனுக்குத் தெரியாத நேரம், காசு பிடித்த கருவிக்குத் தெரிந்திருந்தது.

22 ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்தவன் நான். இப்போது சங்ககிரியில் சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறேன். ஓட்டுநர் எவ்வளவு நேரம் ஓட்டினார், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார் என்று பதியும் கருவி, அதாவது மின்னணுப் பயணப் பதிவேடு, லாரிகளுக்கு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் முணுமுணுப்பு கேட்கிறது. நான் முணுமுணுக்கவில்லை. வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதில் கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது என்பதை எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் அதையே சுட்டியது. லைசென்ஸ், பர்மிட், புகைச் சான்று, எடை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறாய் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் காட்ட என்னிடம் என்ன இருந்தது? டிரிப் ஷீட்டில் டீசலுக்கு இடம் உண்டு, டோலுக்கு உண்டு, ஏற்றுகூலி இறக்குகூலிக்கு உண்டு, பஞ்சருக்குக்கூட உண்டு. தூக்கத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. விமானிகளைப்போல லாரி ஓட்டுநர்களுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று அமைச்சர் கட்கரி 2021-இல் சொன்னபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன்பே, 2018-இல், நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற விதியைத் தளர்த்தியிருந்தீர்கள். உரிமையாளர்கள் கேட்டார்கள், கொடுத்தீர்கள். அன்றிலிருந்து மாற்றி ஓட்டப் பக்கத்தில் ஆள் இல்லை.

அமெரிக்காவில் 2017 டிசம்பரில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். ஓட்டுவது 11 மணி நேரம். வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரம் கடந்தால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு ஏற்றும் இடத்தில் ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தால் அதுவும் அந்தப் 14-இல் கழிந்துவிடும். மீதி நேரத்துக்குள் ஊர் சேர வேண்டுமே என்று ஓட்டுநர் மிதிப்பார். அங்கே நடந்த ஓர் ஆய்வில், சிறு நிறுவனங்களின் நேர விதிமீறல் குறைந்தது. விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. வேகம் போன்ற மீறல்கள் கூடின. கருவி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. காத்திருக்க வைத்தவரிடம் மட்டும் அது கணக்குக் கேட்கவில்லை.

நம் ஊர்க் காத்திருப்பு எப்படி என்று ஏசி அறையில் இருந்து பார்த்தால் தெரியாது. சரக்கு ஏற்றும் கிடங்கு வாசலில் வரிசை எண் போட்ட டோக்கன் கொடுப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை வரிசை இரண்டு வண்டி நீளம் நகரும். நகர்த்தாவிட்டால் பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்துவார், குறுக்கே இன்னொரு வண்டி நுழைந்துவிடும். ஆகவே சீட்டில் சாய்ந்து, ஒரு காதைத் திறந்துவைத்துக் கிடக்க வேண்டும். ஒரு கிடங்கு வாசலில் இப்படி 19 மணி நேரம் கிடந்திருக்கிறேன். எஞ்சின் ஓடும் நேரத்தை மட்டும் எண்ணும் கருவி இதை ஓய்வு என்று எழுதிக்கொள்ளும். லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து முடித்த பிறகு, 'புத்துணர்ச்சியுடன்' நான் கிளம்பியதாக அதன் கணக்கு இருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன்: வாசலில் டோக்கன் கொடுக்கும் நேரம் பதிவேட்டில் விழ வேண்டும். வண்டி வெளியேறும் நேரமும் விழ வேண்டும். இரண்டையும் பதிவது கிடங்குக்காரரின் பொறுப்பாக இருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. ஆஸ்திரேலியாவில் ஓட்டுநரின் களைப்புக்குச் சரக்கு அனுப்புபவர், ஏற்றுபவர், நேரம் குறிப்பவர் எல்லாரும் சட்டப்படி பொறுப்பாளிகள். இங்கே தாமதமானால் ஓட்டுநருக்குப் படி குறையும், விபத்தானால் ஓட்டுநர் மேல் வழக்கு. கிடங்குக்குக் கடிதம்கூடப் போகாது.

இன்னொன்று. நேரம் முடிந்தது, நிறுத்து என்று கருவி சொல்லும், எங்கே நிறுத்துவது? சாலையோரம் நிறுத்தினால் விடியும்போது டீசல் டேங்க் காலியாக இருக்கும், அல்லது பின்னால் யாராவது மோதியிருப்பார். வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் உள்ள நிறுத்துமிடம் இருந்தால்தான் அந்தக் கட்டளைக்குப் பொருள் உண்டு.

என் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. நானும் என் ஓட்டுநர்களுக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளம் கொடுக்கிறேன். லாரிக்குக் கிடைக்கும் வாடகையில் மாதச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. காத்திருப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று சரக்குக்காரர் தருமாறு விதி வந்தால், அதை அப்படியே ஓட்டுநர் கையில் கொடுக்க எழுதித் தருகிறேன்.

எங்கள் வண்டி ஒன்று நேற்று மாலை 4 மணியிலிருந்து ஓர் ஆலை வாசலில் நிற்கிறது. டோக்கன் எண் 63. காலையில் பேசியபோது 48 போய்க்கொண்டிருந்தது. "லோடு ஏறியதும் கிளம்பிவிடுகிறேன் அண்ணா" என்றான் அதை ஓட்டும் தம்பி. தூங்கிவிட்டுக் கிளம்பு என்றேன். சரி என்றான். அவன் சரி சொன்ன வேகமே சொல்லிவிட்டது, தூங்கமாட்டான் என்று.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஓட்டுநர்,
சங்ககிரி