விரல்முனைக் கருவியும் கரிப்புகையும்

ஆசிரியருக்கு,

ஏற்காட்டுக் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டும் வழக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடந்த மார்கழியில் மலையில் உறவினர் வீட்டில், கணப்புச் சட்டியை உள்ளே வைத்து ஜன்னலைச் சாத்திப் படுத்த எங்களுக்கு விடியற்காலையில் தலை கனத்துக் குமட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறதென்று காட்டும், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை மைத்துனர் தன் விரலில் மாட்டிப் பார்த்தார், 98 காட்டியது. ‘ஒன்றுமில்லை, பனிதான்’ என்றார். எனக்கு அந்த எண்ணின்மீதே சந்தேகம்.

நுரையீரலிலிருந்து புறப்படும் 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 20 மில்லி ஆக்சிஜன் இருக்கிறதென்றால், அதில் சுமார் 0.3 மில்லிதான் கரைந்திருப்பது. மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் நான்கு இரும்பு அணுக்களில் ஏறிச் செல்வது. அடைத்த அறையில் கரி எரியும்போது சேரும், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவோ, அதே இரும்பை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவதோடு, எஞ்சிய ஆக்சிஜனும் திசுக்களில் எளிதாக இறங்காதபடி செய்துவிடுகிறது. அப்படிப் பற்றப்பட்ட ரத்தமும் செக்கச் சிவந்தே இருப்பதால், இரண்டு ஒளிகளை மட்டும் பாய்ச்சும் வீட்டுக் கருவி அதை ஆக்சிஜன் ஏறிய ரத்தமென்றே எண்ணிவிடும். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வெகுநேரம் கழித்தே தெளிந்தோம். மலையிலுள்ள விடுதிகள் இந்த எச்சரிக்கையை அறைக்கதவின் உட்புறம் ஒட்டிவைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்.