டேப் தேயும், பெடல் தேயாது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. சோப்ரானோ சாக்ஸபோனை மறுபடி கையில் எடுத்துவிட்டாய், அதுவே எனக்குப் பெரிய செய்தி. அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி மாதிரி அடுக்கடுக்காக வாசிக்கப் போனால் மூன்றாம் நிமிடத்திலேயே சகதியாகிறது என்று எழுதியிருந்தாய். கோளாறு உன் வாசிப்பில் இல்லை, வாசித்ததைச் சற்றுப் பிந்தித் திருப்பி ஒலிக்கும் டிலே பெடலில்.

ரைலி இந்த முறையை 1963இல் பாரிஸில், ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் ட்ரம்பெட்டை வைத்துத் தொடங்கினார். பிறகு 1969இல் வந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்கத் தானே சோப்ரானோ வாசித்தார். இரண்டு டேப் ரெக்கார்டர், நடுவே ஓடும் ஒரே நாடா. முதலாவது பதியும், இரண்டாவது ஒலிக்கும், அந்த ஒலி திரும்ப முதலாவதுக்குள் போகும். நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடினால், 114 செ.மீ. இடைவெளிக்கு 6 நொடி தாமதம்.

சங்கதி இனிமேல்தான். ஒவ்வொரு சுற்றிலும் நாடா ஒலியின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும். பழைய அடுக்கு மங்கிப் பின்னால் போகும், புதியது முன்னால் நிற்கும். டிஜிட்டல் டிலேயோ வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். எல்லா அடுக்கும் முன்வரிசைக்கு முண்டியடிக்கும். பெடலில் நாடாவைப் போல ஒலிக்கும் டேப் மோடு இருந்தால் அதைப் போடு. இல்லையேல் டோன் குமிழைக் குறை. அது திரும்பி வரும் ஒலியை மட்டும் மங்கலாக்குகிறதா என்று காதால் பார்த்துக்கொள். ஃபீட்பேக், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப உள்ளே போகும் ஒலியின் அளவு, 70 சதவீதம் என்றால் ஐந்து சுற்றில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 90 வைத்தால் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். நீ எத்தனையில் வைத்திருப்பாய் என்று ஊகிக்க முடிகிறது!

மைக்கை பெல்லின் (வாத்தியத்தின் விரிந்த முனை) வாய்க்கு நேரே வைக்காதே. அடிமட்ட ஸ்வரங்கள்தான் அங்கிருந்து வரும், மற்றவை பக்கத்துத் துளைகளிலிருந்து. ஒரு சாண் தள்ளி, உடலின் நடுவைப் பார்த்து வை. ஒட்டி வைத்தால் கீ தட்டும் சத்தமும் லூப்பில், அதாவது சுற்றிச் சுற்றி வரும் ஒலியில், ஏறித் தவில் வாசிக்கும். சோப்ரானோவின் அடி ஸ்வரம் ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸ், அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத் தாராளமாக வெட்டலாம். மைக்கிலிருந்து நேராக கிட்டார் பெடலுக்குப் போகாதே, நடுவே மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் வேண்டும். மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக் என்றால், அதிலிருந்து மைக்குக்கு 48 வோல்ட்டும்.

ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலோ கீழோ மாற்றித் தரும் ஆக்டேவ் பெடல் முதலில், அப்புறம் டிலே, கடைசியில் கூடத்தின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப். மாற்றிப் போட்டால் ஒரே நேரத்தில் பல ஸ்வரம் வந்து ஆக்டேவ் உளறும். மல்டிஃபோனிக், அதாவது ஒரே ஊதலில் பல ஸ்வரம், ஊதும்போதும் இதே கதிதான், அப்போது அதை அணைத்துவிடு.

இன்னொன்று: குளிர்ந்த வாத்தியம் சூடேறச் சூடேறச் சுருதி ஏறும். முதல் அடுக்கைக் குளிரில் பதிந்தால் பிற்பாடு வருவதெல்லாம் அதோடு உரசும். கால் மணி நேரம் ஊதிவிட்டு லூப்பைத் தொடங்கு.

அடுத்த பதிவை அனுப்பும்போது ஃபீட்பேக் எத்தனை என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி