பாலிபியூட்டிலீன் குழாய் எதனால் உடைகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க வீடுகளில் 1978 முதல் 1995 வரை பதிக்கப்பட்ட பாலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய்களைப் பற்றி எழுதுவோர், 'வலுவற்ற பிளாஸ்டிக்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல.

இந்தப் பொருள் சுமார் 125 டிகிரி செல்சியஸில் உருகும். 82 டிகிரி வெந்நீரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் தாங்கும் என்ற தரமதிப்போடுதான் குழாய்கள் விற்பனைக்கு வந்தன. தொடர்ந்து அழுத்தம் இருந்தாலும் நாளடைவில் இழுபட்டு நீளாத குணத்தில் இது சாதாரணப் பாலிஎத்திலீனைவிட மேல். இன்னொரு விசித்திரமும் உண்டு: உருகிய நிலையிலிருந்து ஆறியவுடன் மென்மையான ஒரு படிக வடிவில் இருக்கும், அறை வெப்பநிலையில் ஒரு வாரம் போலக் கடந்தபின்தான் அடர்த்தியான, உறுதியான வடிவத்துக்கு மாறும். மறுபடி உருக்கி இணைத்தால், மூட்டு அந்த மென்மை நிலைக்கே திரும்பிவிடும்.

குழாயைக் கெடுத்தது, தண்ணீரில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரின். பிளாஸ்டிக் சிதையாமல் காக்கக் குழாயில் சேர்த்திருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. அவை தீர்ந்ததும் உட்சுவர் நொறுங்கும் தன்மை அடைந்து, செதில் செதிலாக உரிந்து, மயிரிழை விரிசல் விடுகிறது. வெளிப்புறமோ புதிதுபோலவே இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இன்று அழுத்தச் சோதனையில் தேறிய குழாய்கூட அடுத்த மாதம் விரியலாம். அசெட்டால் பிளாஸ்டிக் இணைப்பிகளையும் குளோரின் இதேபோல் அரித்தது. பல கசிவுகள் தொடங்கியது அங்கேதான். இந்தக் குழாய்கள் குறித்த வழக்கில் 1995-இல் எட்டப்பட்ட சமரசத்தின் தொகை 95 கோடி டாலர்.

அடையாளம் காண, பெரும்பாலும் சாம்பல் நிறம், கையால் வளையும் தன்மை, மேலே 'PB2110' என்ற அச்சு ஆகியவற்றைப் பாருங்கள். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு நீலமாகவும் இருக்கலாம்.

ஒட்டுப்போடுவோர் கவனிக்க: பிவிசி பசை இதில் ஒட்டாது. பெக்ஸ் (குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன்) குழாயின் இணைப்பியும் பொருந்தாது. பெக்ஸுக்கும் இதற்கும் வெளிவிட்டம் ஒன்றே. ஆனால் பாலிபியூட்டிலீனின் சுவர் மெலிது, உள்துளை பெரிது. பெக்ஸ் இணைப்பி உள்ளே தளர்வாக நின்று கசியும். இரண்டையும் சேர்க்கவென்றே செய்த மாற்று இணைப்பி வேண்டும். அதுவும் தற்காலிகத்துக்கு மட்டுமே. ஒட்டிய இடத்துக்கு அடுத்த ஓரடிக் குழாயிலும் அதே நொறுங்கும் உட்சுவர்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலிமர் துறை வாசகர்